நிறமே அளவுகோல்

மஞ்சள் கிழங்கை இடித்தால் மஞ்சள் தூள் கிடைக்கிறது. செம்பருத்தி இதழைக் கசக்கினால் விரல்களில் நிறம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் மயிலிறகின் கண்ணில் மின்னும் நீலத்தை எடுக்க எண்ணி அதை அம்மியில் வைத்து அரைத்தால், நமக்குக் கிடைப்பது கரும்பழுப்புத் தூளே. அப்படியானால் அந்த நீலம் இதுவரை எங்கே இருந்தது? இப்போது எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய விஞ்ஞானிகள், அதன் வழியே மனிதகுலத்துக்குப் பயன்படக்கூடிய ஒரு கருவியையும் கண்டெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நஞ்சையும், உடலுக்குள் மறைந்திருக்கும் நோயையும் நிறத்தாலேயே காட்டிக்கொடுக்கும் கருவி அது. அதனை ஒளிப்படிக உணர்கருவி என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘போட்டானிக் கிரிஸ்டல் சென்சார்’ என்பர். பெயர் கடினமாகத் தோன்றினாலும் அதன் தத்துவம் நமக்கு எட்டாதது அன்று. படிப்படியாகக் காண்போம்.

சாயம் இல்லாத நிறம்

1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக், ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் தம் நூலில் மயிலிறகை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்ததைப் பற்றி எழுதினார். இறகைத் தண்ணீரில் நனைத்தபோது அதன் ஒளிரும் நிறங்கள் மறைந்துபோவதை அவர் கவனித்தார். சாயம் ஏற்றிய துணியை நனைத்தால் நிறம் மறைந்துவிடுமா? மறையாது. ஆகவே மயிலிறகின் நிறம் சாயத்தில் இல்லை, அதன் அமைப்பில்தான் இருக்கிறது என்பதற்கு இதுவே முதல் தடயமாயிற்று.

அந்த அமைப்பு எத்தகையது என்பதை 2003-ஆம் ஆண்டில் சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள ஃபூடான் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் விளக்கமாகக் காட்டினார்கள். இறகின் மிக நுண்ணிய இழைகளுக்குள் மெலனின் என்னும் கரும்பொருளால் ஆன குச்சிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. நம் தலைமுடிக்குக் கருமை தருவதும் இதே மெலனின்தான். வாசலில் புள்ளிக்கோலம் இடும்போது புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கிறோம் அல்லவா? அதுபோல இக்குச்சிகள் சம இடைவெளியில் நிற்கின்றன. நீலப் பகுதியில் அந்த இடைவெளி ஏறக்குறைய 140 நானோமீட்டர், பச்சைப் பகுதியில் ஏறக்குறைய 150 நானோமீட்டர். பொருள் ஒன்றே, இடைவெளி மட்டுமே வேறு. நிறமும் வேறாகிவிடுகிறது!

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். இதிலிருந்து அந்தக் கோலப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அம்மியில் அரைக்கும்போது நாம் அழிப்பது இந்த ஒழுங்கையே. ஒழுங்கு கலைந்ததும் நீலம் மறைந்து, மெலனினின் கருமை மட்டும் எஞ்சுகிறது.

இடைவெளி எப்படி நிறமாகிறது?

ஒளி அலை வடிவில் செல்கிறது என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம் எனப்படும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரை. ஊதாவும் நீலமும் குட்டை அலைகள், பச்சை நடுத்தரம், சிவப்பு நீண்ட அலை.

இனி, சம இடைவெளியில் அமைந்த பல அடுக்குகளின் மேல் வெள்ளொளி விழுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் அடுக்கும் ஒளியில் சிறிதளவைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாம் அடுக்கிலிருந்து திரும்பும் அலை, முதல் அடுக்கிலிருந்து திரும்பும் அலையைவிடச் சற்று அதிக தூரம், அதாவது இடைவெளியைப்போல் இருமடங்கு தூரம் சென்று வருகிறது. அந்த அதிகத் தூரம் சரியாக ஓர் அலைநீளமாக இருந்தால் எல்லா அடுக்கிலிருந்தும் வரும் அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும்.

கோலாட்டத்தை நினைத்துக்கொள்வோம். இருபது பேர் ஒரே தாளத்தில் கோல்களைத் தட்டினால் ஓசை அரங்கமெங்கும் கேட்கும். ஆளுக்கொரு தாளத்தில் தட்டினால் வெறும் சலசலப்புதான் மிஞ்சும். அடுக்குகளின் இடைவெளிக்குப் பொருந்தும் நிறம் தாளம் தப்பாத ஓசைபோல் ஓங்கித் தெரிகிறது. மற்ற நிறங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதற்குரிய சூத்திரம் மிக எளியது. ஒளி நேராக விழும்போது,

அலைநீளம் = 2 × ஒளிவிலகல் எண் × அடுக்குகளின் இடைவெளி

பெரும்பகுதி தண்ணீரால் ஆன ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணை 1.35 என்று கொள்வோம். இடைவெளி 200 நானோமீட்டர் என்றால் அலைநீளம் 2 × 1.35 × 200 = 540 நானோமீட்டர். இது பச்சை. இடைவெளி 240 ஆனால் 648 நானோமீட்டர். இது சிவப்பு. இடைவெளி 175 ஆகச் சுருங்கினால் ஏறக்குறைய 472 நானோமீட்டர். இது நீலம்.

இந்தக் கணக்கைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இடைவெளி 40 நானோமீட்டர் கூடினாலே பச்சை சிவப்பாகிறது. அது ஒரு தலைமுடியின் பருமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! எந்த அடிக்கோலாலும் அளக்க இயலாத அந்த மாற்றத்தை நம் வெறுங்கண் நிறமாகக் கண்டுகொள்கிறது. நிறமே இங்கே அளவுகோலாகிவிட்டது.

வழி அமைத்தவர்கள்

பல அடுக்குகளால் ஆன பொருள் குறிப்பிட்ட ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் என்பதை 1887-ஆம் ஆண்டிலேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பின்னர் வில்லியம் ஹென்றி பிராக்கும் அவர் மகன் லாரன்ஸ் பிராக்கும், எக்ஸ் கதிர்கள் படிகங்களில் இதே வகையில் பிரதிபலிப்பதைக் கண்டு 1915-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது மகனுக்கு வயது 25. மேலே கண்ட சூத்திரம் அவர்கள் பெயரால் வழங்கும் பிராக் விதியின் ஒரு வடிவமே.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனுக்கும் இவ்வகை நிறங்களில் தீராத ஆர்வம் இருந்தது. பறவை இறகு, சிப்பி, ஓபல் என்னும் இரத்தினக்கல் ஆகியவற்றின் வண்ணங்களை ஆராய்ந்து அவர் கட்டுரைகள் வெளியிட்டார். 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஜே. வி. சாண்டர்ஸ் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஓபலைப் பார்த்தபோது, மிகச் சிறிய சிலிகா உருண்டைகள் கடையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களைப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. சிலிகா என்பது மணலின் பொருளே. மணலை இரத்தினமாக்குவது அந்த அடுக்கின் ஒழுங்குதான்.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இலை யாப்லோனோவிச் என்பவரும், இந்திய வம்சாவளியினரான சஜீவ் ஜான் என்பவரும் ஒருவரையொருவர் சாராமல் இரு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். இத்தகைய ஒழுங்கான அமைப்பை நாமே திட்டமிட்டுச் செய்தால், குறிப்பிட்ட ஒளியை உள்ளே நுழையவிடாமல் தடுக்கலாம், வேண்டிய இடத்தில் சிறைப்படுத்தியும் வைக்கலாம் என்று அவர்கள் காட்டினர். ‘போட்டானிக் கிரிஸ்டல்’ என்னும் பெயர் அதன் பிறகே வழக்கத்துக்கு வந்தது.

தண்ணீரில் ஈயம்

இதுவரை கண்டது தத்துவம். இனி அதன் பயனைக் காண்போம்.

குடிநீரில் ஈயம் கலந்திருந்தால் நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ நமக்குத் தெரியாது. ஆனால் அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இந்த அளவு உடலில் சேர்ந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது குடிநீருக்குக் குறித்துள்ள எல்லை ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளிண்ட் நகரில் நேர்ந்தது உலகறிந்தது. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நகரின் குடிநீர் ஃப்ளிண்ட் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நீர் பழைய குழாய்களை அரித்து, ஈயத்தை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் மாநில ஆளுநர் அங்கே அவசரநிலையை அறிவித்தார். இடைப்பட்ட காலத்தில் தாய்மார்கள் அந்த நீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பரிசோதனைக் கூடத்தின் முடிவு வரும்வரை காத்திராமல், டம்ளரில் உள்ள தண்ணீரை அங்கேயே சோதிக்க ஒரு வழி இருந்திருந்தால்?

இத்தகைய வழி ஒன்றினை 1997-ஆம் ஆண்டிலேயே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹோல்ட்ஸ், சான்ஃபோர்ட் ஆஷர் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அவர்கள் செய்தது இதுதான்.

முதலில், ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகளைத் தூய நீரில் இட்டனர். எல்லா உருண்டைகளிலும் ஒரே வகை மின்னூட்டம் இருந்தது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? ஆகவே அவை தாமாகவே விலகி விலகி நின்று, சம இடைவெளியுள்ள ஒழுங்கான அமைப்பாயின. யாரும் புள்ளி வைக்காமலே கோலம் அமைந்துவிட்டது!

அடுத்து, அந்த உருண்டைகளைச் சுற்றி மென்மையான களிப்பொருளை உறையச் செய்தனர். சைனா கிராஸ் கொண்டு ஜெல்லி செய்யும்போது அதனுள் பழத்துண்டுகள் சிக்கி நிற்பதுபோல, உருண்டைகள் தம் இடத்திலேயே நின்றன.

மூன்றாவதாக, அந்தக் களியில் ‘கிரௌன் ஈதர்’ என்னும் மூலக்கூறுகளைப் பிணைத்தனர். கிரௌன் என்றால் மகுடம். வளையம்போன்ற அதன் நடுவில் குறிப்பிட்ட அளவுள்ள அயனிகள் பொருந்தி அமர்ந்துகொள்ளும். இதனைக் கண்டுபிடித்த சார்லஸ் பெடர்சன் 1987-ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஷர் குழுவினர் தேர்ந்தெடுத்த வளையம் ஈய அயனியைப் பிடித்துக்கொள்ளக்கூடியது.

ஈயம் கலந்த நீரில் இந்தக் களித்தாளை நனைத்தால் ஈய அயனிகள் வளையங்களில் சிக்குகின்றன. அவற்றின் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் எதிர் அயனிகளும் களிக்குள் தங்கிவிடுகின்றன. உள்ளே அயனிகள் மிகுந்ததால், சவ்வூடு பரவலில் நாம் படித்தபடி, வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே நுழைகிறது. தண்ணீரில் ஊறிய சப்ஜா விதைபோலக் களி உப்புகிறது. களி உப்ப உப்ப, உள்ளே இருக்கும் உருண்டைகளின் இடைவெளி கூடுகிறது. இடைவெளி கூடினால் நிறம் சிவப்பை நோக்கி நகரும் என்பதை முன்பே கணக்கிட்டோம். எவ்வளவு ஈயமோ அவ்வளவு நகர்ச்சி. தூய நீரில் அலசினால் ஈயம் வெளியேறி, களி சுருங்கி, பழைய நிறம் திரும்பிவிடும். இதில் மின்கலம் இல்லை, முள் இல்லை, திரையும் இல்லை.

இதே தந்திரத்தை இயற்கையும் அறிந்து வைத்திருக்கிறது. மடகாஸ்கர் தீவிலுள்ள பாந்தர் பச்சோந்தியின் தோலில் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக உள்ளன. அது சினமோ கிளர்ச்சியோ கொள்ளும்போது அவற்றின் இடைவெளியைக் கூட்டிப் பச்சையிலிருந்து மஞ்சள், ஆரஞ்சு என மாறுகிறது. ஜெனீவாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதனை 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஊசி குத்தாமல் சர்க்கரை

சர்க்கரை நோய் முதியோருக்கு மட்டுமே வருவதன்று. முதல் வகைச் சர்க்கரை நோய் நம் வயதினருக்கும், நம்மினும் இளைய குழந்தைகளுக்கும் வருகிறது. நாள்தோறும் பலமுறை விரலில் குத்தி இரத்தம் எடுத்துச் சோதிப்பது அவர்களுக்குப் பெருந்துன்பம்.

ஆஷர் குழுவினர் இதிலும் முயன்றனர். ஈயத்துக்குச் செய்த களியை அப்படியே இதற்குப் பயன்படுத்த முடியவில்லை. காரணம் உப்பு. நம் இரத்தமும் கண்ணீரும் உப்புத்தன்மை உடையவை. வெளியிலேயே அயனிகள் நிறைந்திருந்தால், உள்ளே சிறிது கூடுவதால் தண்ணீர் நுழையப்போவதில்லை. களி உப்பாது, நிறமும் மாறாது. எனவே அவர்கள் வேறு வழி கண்டனர். போரோனிக் அமிலம் என்னும் வகைப் பொருளைக் களியில் பிணைத்தனர். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரு பக்கமும் இரண்டு போரோனிக் அமிலங்களைப் பற்றிக்கொண்டு, பிரிந்து நிற்கும் இருவரைக் கைகோத்து அருகே இழுப்பதுபோல் இழுக்கிறது. களி சுருங்குகிறது, நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கிச் செல்கிறது. கண்ணீரிலுள்ள குளுக்கோஸை அளக்கத்தக்க இத்தகைய களியை 2004-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். கண்ணில் அணியும் காண்டாக்ட் லென்ஸில் இதனைப் பதித்து, கண்ணாடியில் பார்த்தே சர்க்கரை அளவைத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவர்கள் கனவு.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிரையன் கன்னிங்ஹாம் குழுவினர் வேறொரு வழி சென்றனர். அவர்களுடைய ஒளிப்படிகத்தின் பரப்பில் ஏதேனும் மூலக்கூறு ஒட்டிக்கொண்டால் அது திருப்பி அனுப்பும் அலைநீளம் சிறிதே மாறும். கண்ணால் காண முடியாத அந்தச் சிறு மாற்றத்தைக் கைப்பேசியின் கேமரா காணும்படி, 2013-ஆம் ஆண்டில் ஒரு தாங்கியை அமைத்தனர். அதிலுள்ள லென்ஸ் முதலிய பாகங்களின் விலை ஏறக்குறைய 200 டாலர். அதே வேலையைச் செய்யும் ஆய்வகக் கருவியின் விலை 50,000 டாலர்!

நம்பத்தக்க சாட்சி

இவ்வளவு சிறப்பிருந்தும் கண்ணீரைப் பார்த்துச் சர்க்கரை சொல்லும் லென்ஸ் மருந்துக்கடைகளில் ஏன் விற்கப்படவில்லை? இக்கேள்வியைக் கேட்காமல் கட்டுரையை முடித்தால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம்.

முதல் தடை, பார்க்கும் கோணம். மயில் கழுத்தைத் திருப்பும்போது நிறம் மாறுகிறது. அதுபோல ஒளிப்படிகத்தைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் நீலத்தை நோக்கி நகரும். நஞ்சினால் நகர்ந்ததா, நாம் தலையைச் சாய்த்ததால் நகர்ந்ததா? கோணத்தை நிலையாக வைக்காவிட்டால் சொல்ல இயலாது.

இரண்டாம் தடை, ஆள்மாறாட்டம். ஈயத்தைப் பிடிக்கும் அதே வளையம் பொட்டாசியத்தையும் பிடிக்கும். வெப்பநிலை மாறினாலும் களி உப்பலாம், சுருங்கலாம். களிக்கு உப்பவும் சுருங்கவும் மட்டுமே தெரியும். ஏன் உப்பினோம் என்று சொல்லத் தெரியாது.

மூன்றாம் தடை, கண்ணீரே. கண்ணீரில் உள்ள குளுக்கோஸ் இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு; இரண்டும் எப்போதும் சேர்ந்து ஏறி இறங்குவதும் இல்லை. மின்னணு முறையில் இத்தகைய லென்ஸ் செய்ய முயன்ற வெரிலி நிறுவனம், இக்காரணத்தைச் சொல்லியே 2018-ஆம் ஆண்டில் அம்முயற்சியை நிறுத்தியது. கருவி சரியாகவே அளந்தாலும், அது அளக்கும் பொருள் நமக்கு வேண்டியதைச் சொல்லாவிட்டால் என்ன பயன்?

சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கப்போகும் குழந்தையிடம் “எல்லாம் சரி” என்று ஒரு நிறம் சொல்லிவிட்டால், கருவியே இல்லாமல் இருப்பதைவிட அது கொடியது. கருவி இல்லாதபோது தாய் ஐயப்பட்டு விழித்திருப்பாள். பொய்க்கருவி அவளை உறங்கவைத்துவிடும். ஆகவே ஓர் உணர்கருவி எவ்வளவு நுட்பமானது என்பதோடு, எப்போது அது ஏமாறும் என்பதையும் அறிந்த பின்பே அதை மனிதர் கையில் கொடுக்க வேண்டும். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி இந்த ஏமாற்றங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான்.

மயிலிறகைத் தண்ணீரில் நனைத்து நிறம் மறைவதைக் கண்ட ஹூக், அதனை ஒரு சிறு செய்தியாகவே எழுதிவைத்தார். தண்ணீர் வந்ததை நிறம் தெரிவித்துவிட்டது என்று அதே காட்சியை வேறுவிதமாகவும் படிக்கலாம் என்பது விளங்க மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. இனி அந்த நிறத்தை எந்நேரமும் உண்மை பேசவைக்கும் பணி எஞ்சியிருக்கிறது. பிராக் விதியும், சவ்வூடு பரவலும், மின்னூட்டங்களின் விலக்கமும் அதற்கு வேண்டிய கருவிகள். அவற்றுள் பெரும்பாலானவை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன, தோழியரே. தேர்வுக்காக மட்டும் அவற்றைப் படித்து மறந்துவிடாதிருப்போம்.